வால்வு அம்பிளிபயரின் சின்னச் சுவிச்சுகள்: முதலில் சத்தம், அடுத்துச் சுவிச், கடைசியில் குமிழ்

கைவேலையாகச் செய்யப்பட்ட, சூடேறும் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் கிற்றார் அம்பிளிபயர் ஒன்று வன்னிக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ சில ஆண்டுகள் வாசித்துவிட்டு, ஊருக்கு வரும்போது பொதிகளோடு பொதியாகக் கொண்டுவந்து, தம்பியின் கையிலோ தேவாலயப் பாடகர் குழுவின் கையிலோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கையேடு கூடவே வராது. கடையில் வாங்கிய பெட்டியென்றால் கடைக்காரரிடமாவது கேட்கலாம். ஓரிருவர் சேர்ந்து சிறிய பட்டறையில் எண்ணிச் செய்யும் இவ்வகைப் பெட்டிக்குக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ யாரிடம் போய்க் கேட்பது?

முன்தட்டில் இருக்கும் குமிழ்கள் யாருக்கும் புரியும். வொலியூம், பேஸ், மிட், ட்ரெபிள் என்று எந்தப் பெட்டியிலும் உள்ளவைதான் இதிலும் இருக்கும். திகைக்க வைப்பவை அவற்றுக்கிடையே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்நுனி அளவான சுவிச்சுகள். பிரைற், டீப், ஃபற், மிட், ஜாஸ், ரொக், ரோ என்று அவற்றின் கீழ் எழுதப்பட்டிருக்கும். புதிதாக வருபவர்களில் ஒரு சாரார் அவற்றைத் தொடவே அஞ்சுவார்கள். மற்றொரு சாரார், இருப்பவை எல்லாம் நன்மைக்கே என்று எண்ணி எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டு வாசிப்பார்கள். நான் இரண்டாம் சாராரில் ஒருவனாக இருந்தேன். ஒரு கலியாண மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "தம்பி, உந்தப் பெட்டி காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு" என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொரு சுவிச்சும் உண்மையில் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன்.

அன்று எனக்கு விளங்காமல் இருந்தது ஒரே விடயம். இந்தச் சுவிச்சுகள் எவையும் தனித்து இயங்குவதில்லை. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் பெட்டி எவ்வளவு சத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத் தன் வேலையைக் கூட்டியோ குறைத்தோ செய்கிறது. எனவே முதலில் சத்தத்தை முடிவுசெய்து, அடுத்துச் சுவிச்சுகளைத் தீர்மானித்து, கடைசியாகவே குமிழ்களைத் திருப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தொடுவதற்கு முன்

பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள சுவிச்சுகளில் ஒன்றைத் தொனிக்காக ஒருபோதும் தொடக்கூடாது: மின்னழுத்தத்தைத் தெரிவுசெய்யும் சுவிச். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். பிரித்தானியாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ வந்த பெட்டியை நேரே செருகலாம். ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டியில் மின்னழுத்தத் தெரிவு இல்லையென்றால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்று கட்டாயம் தேவை. அப்போதும் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் சுற்றப்பட்ட உள்நிலைமாற்றி 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதால், பின்தட்டில் 50/60 என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் விளங்கியவரிடம் காட்டாமல் செருகாதீர்கள்.

ஸ்பீக்கர் இணைக்கப்படாமல் வால்வு அம்பிளிபயரை இயக்கக்கூடாது. வெளியீட்டு நிலைமாற்றி எரிந்துபோகலாம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் பின்பக்கத் துளையில் எழுதியுள்ள அளவும், 4, 8, 16 எதுவாயினும், ஒத்திருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கவும் கூடாது. உள்ளே 400 வோல்றையும் தாண்டக்கூடிய மின்னழுத்தம், செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் தங்கியிருக்கும். இந்தக் கொள்ளளவியைத்தான் வானொலி திருத்துபவர்கள் கப்பாசிற்றர் என்கிறார்கள். இக்கட்டுரையில் அடிக்கடி வரப்போகும் உறுப்பு அது.

ஏற்றிய உடனே சத்தம் வரவில்லையென்று பதற வேண்டாம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட 1990களுக்கும் முன்னால், வால்வு வானொலிப் பெட்டி வைத்திருந்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள்: குமிழைத் திருப்பிவிட்டு, இழை சிவந்து சத்தம் வரும்வரை காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம். அரை நிமிடத்தில் சத்தம் வந்துவிடும்; தொனியைத் தீர்மானிக்க எண்ணினால் பத்து நிமிடமாவது வாசித்துச் சூடேற விடுங்கள்.

அடிநிலை

எல்லாச் சுவிச்சுகளையும் கீழே, அதாவது நிறுத்திய நிலையில் வையுங்கள். ஜாஸ், ரொக் என இரு பெயர் கொண்ட சுவிச்சுக்கு நிறுத்திய நிலை என்று ஒன்று இல்லை. ஏதாவது ஒரு பக்கத்தைத் தெரிந்து குறித்துக்கொள்ளுங்கள். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் மணிக்கூட்டில் 12 மணி காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். கிற்றாரில் உள்ள வொலியூமும் தொனிக் குமிழும் முழுவதும் திறந்திருக்கட்டும். பெடல்கள் எதுவும் இடையில் வேண்டாம்.

இப்போது அம்பிளிபயரின் வொலியூமை, நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் அளவுக்கு ஏற்றுங்கள். இரவில் வீட்டில் பழகுவதற்கு ஓர் அமைப்பு, பிள்ளைகளுடன் மண்டபத்தில் வாசிப்பதற்கு வேறோர் அமைப்பு என்று இரண்டு அமைப்புகள் உங்களுக்குத் தேவைப்படும். ஒன்றை மற்றதற்குக் கொண்டுசெல்ல முடியாது. காரணம் பெட்டியில் மட்டுமல்ல, நமது காதிலும் இருக்கிறது. தாழ்ந்த சத்தத்தில் மனிதக் காது அடிச்சுரங்களையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே உணர்கிறது என்பதை பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். ஆகவே மெல்லிய சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி இனிமையாக அமைத்த தொனி, மேடையில் சத்தம் ஏறியதும் ஒரு பக்கம் குமுறும், மறு பக்கம் குத்தும்.

இன்னுமொன்று: நீங்கள் நிற்கும் இடம். கிற்றாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர், உயர்ந்த மீடிறன்களைக் கைவிளக்கின் ஒளிபோல நேர்முன்னால் ஒடுக்கி அனுப்பும். அடிச்சுரங்களை எல்லாப் பக்கமும் பரப்பும். நிலத்தில் வைத்த பெட்டிக்கு அருகே நிற்பவரின் முழங்காலுக்குத்தான் அந்தக் கூர்மை போய்ச் சேருகிறது. காதுக்கு மந்தமான தொனியே வருகிறது. அவர் பிரைற் சுவிச்சை மேலே தள்ளுவார். பத்து யார் தூரம் தள்ளி முன்வரிசையில், ஸ்பீக்கருக்கு நேரெதிரே கதிரையில் இருக்கும் அம்மாவுக்கு ஊசி குத்தும். நடந்தது அதுதான். பெட்டியை ஒரு கதிரையின் மேல் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ வையுங்கள், அல்லது நீளமான வயரோடு மண்டபத்தின் நடுவுக்குச் சென்று வாசித்துக் கேளுங்கள்.

பிரைற்

இந்தச் சுவிச்சில் நிறைய நேரம் செலவிடுவது தகும். மற்றவற்றை விளங்கிக்கொள்ளும் வழியும் இதிலிருந்தே திறக்கிறது.

வொலியூம் குமிழ் ஒரு மாறுந்தடை. கிற்றாரின் சைகை அதன் மேல்முனைக்கு வருகிறது. நடுவில் நகரும் தொடுமுனை அதில் ஒரு பங்கை எடுத்து அடுத்த வால்வுக்கு அனுப்புகிறது. பிரைற் சுவிச்சை ஏற்றும்போது, மேல்முனைக்கும் தொடுமுனைக்கும் இடையே மிகச் சிறிய கொள்ளளவி ஒன்று இணைக்கப்படுகிறது. உயர்ந்த மீடிறன்களுக்குக் கொள்ளளவி எளிதான வழி என்பதால், அவை தடையைக் கடக்காமல் அந்தக் குறுக்குவழியால் போய்விடுகின்றன. தாழ்ந்தவை தடையின் வழியாகவே குறைந்து செல்கின்றன.

குளத்து மதகை நினைத்துப் பாருங்கள். பிரதான கதவைச் சாண் அளவு மட்டும் திறந்திருக்கும்போது, பக்கத்தில் ஒரு சின்னக் குழாயால் பாயும் நீர் வாய்க்காலில் தெளிவாகத் தெரியும். கதவை முழுவதும் திறந்துவிட்டால் அந்தக் குழாய் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? பிரைற் சுவிச்சும் அப்படித்தான். வொலியூம் 9 மணியில் இருக்கும்போது அதன் விளைவு மிகப் பெரிது. 12 மணிக்கு மிதமானது. முழுவதும் திறந்தால் மேல்முனையும் தொடுமுனையும் ஒரே புள்ளியாகிவிடுவதால் சுவிச்சை ஏற்றினாலும் இறக்கினாலும் வேறுபாடே கேட்காது. "என் பெட்டியில் பிரைற் சுவிச் வேலை செய்யவில்லை" என்று சொல்லும் பலருடைய பெட்டியில் பழுது எதுவும் இல்லை. வொலியூம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும். வொலியூமை 9 மணியில் வைத்து, முதல் தந்தியின் 12ஆம் கட்டில் (ஏறத்தாழ 659 ஹேர்ட்ஸ்) ஒரு சுரத்தை மீட்டுங்கள். சுவிச்சை ஏற்றி அதையே மீட்டுங்கள். சுரத்தின் உயரம் மாறாது. பிக் தந்தியில் படும் 'டிக்' என்ற ஒலி முன்னுக்கு வந்திருக்கும். பின்னர் வொலியூமை 12 மணிக்கும் 3 மணிக்கும் கொண்டுசென்று அதையே திரும்பச் செய்யுங்கள். ஐந்து நிமிடப் பயிற்சி. எத்தனையோ மாதக் குழப்பத்தைத் தீர்க்கும்.

கொள்ளளவியின் அளவு பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். ஃபெண்டர் நிறுவனத்தின் 1960களின் ட்வின் ரிவேர்ப் பெட்டிகளில் சுவிச்சோடு 120 பிக்கோஃபரட் இருந்தது. அதே காலத்து டீலக்ஸ் ரிவேர்ப்பில் 47 பிக்கோஃபரட், சுவிச் இல்லாமலே நிரந்தரமாக இணைக்கப்பட்டிருந்தது. மார்ஷலின் சூப்பர் லீட் வகையில் 5000 பிக்கோஃபரட் வரை போனார்கள். வொலியூமை முழுவதும் திறந்து வாசிப்பவர்களுக்கு அது பொருந்தியது, மெல்ல வாசித்தால் தகரத்தில் ஆணியால் கீறுவது போலிருக்கும். நியூ ஜேர்சியில் ட்ரெயின்ரெக் பெட்டிகளைத் தனியொருவராகச் செய்த கென் ஃபிஷர், தம் எக்ஸ்பிரஸ் வகையில் இந்தச் சுவிச்சையே மூன்று நிலை கொண்டதாக வைத்தார்: ஒன்றுமில்லை, கொஞ்சம், அதிகம். (அவர் தம் பெட்டிகளுக்கு வரிசை எண்களுக்குப் பதிலாகப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். 2006இல் காலமானார்.) உங்கள் பெட்டியில் மூன்று நிலை இருந்தால் எந்த நிலை நடுத்தரமானது என்று ஊகிக்காதீர்கள், சில சுவிச்சுகளில் நடுநிலையே நிறுத்தம்.

எப்போது ஏற்றுவது? இரவில் வீட்டில் மெல்ல வாசிக்கும்போது ஏற்றலாம். இரட்டைச்சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் உறுப்பு) உள்ள கிற்றாரில், தந்திகளைத் தனித்தனியாக மீட்டிப் பாடலுக்குத் துணைபோகும்போது ஏற்றலாம். ஒற்றைச்சுருள் பிக்கப் உள்ள கிற்றாருக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒலி உடைந்து கரகரக்கும் அளவுக்கு கெயின் (சைகையைப் பெருக்கும் அளவு) ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். உடைந்த ஒலியில் உயர்ந்த மீடிறன்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் கொண்ட மண்டபங்களில், அதாவது நமது பகுதியில் நாம் வாசிக்கும் மண்டபங்களில் பாதிக்கு மேலானவற்றில், இறக்கி வைத்தே தொடங்குங்கள். வெறுங்கதிரைகளோடு ஒத்திகை பார்த்தபோது குத்திய ஒலி, ஆட்கள் வந்து நிறைந்ததும் அடங்கும். அப்போதும் குறை தெரிந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

டீப், ஃபற்

பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் இவை பெட்டிக்குப் பெட்டி வேறு வேலை செய்யும். மிகப் பரவலானது இது: முதல் வால்வின் கதோட் என்ற முனையில், பெரும்பாலும் 1500 ஓம் அளவான தடையோடு சேர்ந்து ஒரு கொள்ளளவி இருக்கும். அது 25 மைக்ரோஃபரட் போன்ற பெரிய அளவாயின் அடிமுதல் நுனிவரை எல்லா மீடிறன்களையும் அந்த வால்வு முழுப் பலத்தோடு பெருக்கும், 0.68 மைக்ரோஃபரட் போன்ற சிறிய அளவாயின் அடிச்சுரங்களை விட்டுவிட்டு மேலுள்ளவற்றை மட்டும் பெருக்கும். ஃபற் சுவிச் சிறியதிலிருந்து பெரியதற்கு மாற்றுகிறது, அல்லது ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றைச் சேர்க்கிறது. பின் சொன்ன வகையில் சத்தமும் ஏறத்தாழ 6 டெசிபெல் வரை கூடும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் இந்தக் கூடுதல் சத்தம். சற்றே சத்தமாகக் கேட்பதை நமது காது "நல்ல தொனி" என்று பதிவுசெய்கிறது. சுவிச்சை ஏற்றியதும் பெட்டி உயிர்பெற்றது போலிருக்கும். இறக்கியதும் செத்தது போலிருக்கும். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால், சுவிச்சை ஏற்றிய கையோடு வொலியூமைச் சற்றுக் குறைத்து, இரு நிலையிலும் சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை நிறுத்திச் சுவிச்சை அவர் கையால் மாற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் திரும்பி நின்று வாசித்துக் கேட்பது இன்னும் நல்லது. நான் அப்படிச் செய்தபோது, விருப்பமென்று மாதக்கணக்காக ஏற்றி வைத்திருந்த சுவிச்சை இறக்கிய நிலையையே மூன்று முறையும் தெரிவுசெய்தேன்.

அடிச்சுரத்தைச் சோதிக்க, ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டுங்கள். அது 82 ஹேர்ட்ஸ். அடுத்து வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் வைத்து அடக்கி, விரைவாக நான்கு அடி கொடுங்கள். நான்கும் தனித்தனியாகக் கேட்கின்றனவா, ஒன்றோடொன்று குழைந்து குமுறுகின்றனவா? குழைந்தால் டீப் வேண்டாம். கெயின் ஏற ஏற இந்தக் குழைவு விரைவாக வரும், ஆகவே டீப்பும் சத்தத்தோடு சேர்ந்தே மாறும் சுவிச்தான்.

அறையின் பங்கு இதில் மிகப் பெரிது. வீட்டு மூலையில் வைத்த பெட்டிக்கு இரு சுவரும் தரையும் சேர்ந்து அடிச்சுரத்தைக் கூட்டிக் கொடுக்கின்றன. அதே பெட்டியைக் கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ போட்ட மேடையில் வைத்தால் அந்த உதவி இல்லாமல் போகிறது. ஒலி மெலிந்துவிட்டதென்று தோன்றும். திறந்தவெளியில் டீப்பை ஏற்றுவதும், மூலையில் இறக்குவதும் பாதுகாப்பான தொடக்கம். ஆனால் உங்களோடு வேறு யார் வாசிக்கிறார் என்பதையும் பாருங்கள். பேஸ் கிற்றாரின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ். அதன் இரண்டாம் இசைக்கூறு உங்கள் ஆறாம் தந்தியின் இடத்திலேயே வந்து உட்காருகிறது. நமது குழுக்கள் பலவற்றில் பேஸ் கிற்றார் இல்லை, கீபோர்ட் வாசிப்பவரின் இடக்கையும் அதிலுள்ள தாளப்பதிவும் அந்த வேலையைச் செய்கின்றன. அவை கிற்றாருக்கு இடம் விடுவதில்லை. குழுவோடு வாசிக்கும்போது டீப்பை இறக்கி வைப்பதே என் வழக்கம். ஒரு குரலுக்கு ஒரே கிற்றாராக இருந்து வாசிக்கும் நாளில் ஏற்றுவேன்.

மிட், ஜாஸ், ரொக்

ஃபெண்டர் வழியில் வந்த தொனிச்சுற்றுகள் (பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் அடங்கிய பகுதி), குமிழ்கள் நடுவில் இருந்தாலும் 400 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குழிபோலக் குறைத்தே தருகின்றன. தனியாக வாசிக்கும்போது அந்தக் குழி காதுக்கு இனிமை. பாடகரின் குரலுக்கும் இடம் விடுகிறது. மிட் சுவிச் அந்தக் குழியை நிரப்புகிறது. எனவே பாட்டு நடக்கும்போது இறக்கி, இடையிசையைக் கிற்றார் ஏற்கும் இடத்தில் ஏற்றலாம். மெல்லிசைப் பாடல்களில் வயலினோ புல்லாங்குழலோ வாசித்த இடையிசையை நமது குழுக்களில் கிற்றார்தான் எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் வொலியூமை ஏற்றுவதைவிட மிட்டை ஏற்றுவது தெளிவாக முன்னுக்குக் கொண்டுவரும். கை எட்டாத இடத்தில் சுவிச் இருந்தால் இதைப் பாட்டின் நடுவில் செய்யப் பார்க்காதீர்கள்.

ஜாஸ், ரொக் என்ற பெயர்கள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் டம்பிளின் ஓவர்டிரைவ் ஸ்பெஷல் வழியாகப் பரவின. 2022இல் காலமான அவர், தம் சுற்றுகளை மற்றவர்கள் பார்த்துச் செய்யாதபடி உள்ளே பிசின் ஊற்றி மூடிவிடுவார். அப்படியிருந்தும் அந்தச் சுவிச்சுகள் இன்று எத்தனையோ சிறு பட்டறைகளின் பெட்டிகளில் இருக்கின்றன. ஜாஸ் பக்கம் ஜாஸ் இசைக்கு, ரொக் பக்கம் ரொக் இசைக்கு என்று எண்ண வேண்டாம். தொனிச்சுற்றின் இரு வேறு வடிவங்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அவை. பொதுவாக ரொக் பக்கத்தில் நடுமீடிறன்கள் தடித்து முன்வரும். இரண்டுக்கும் இடையே மாற்றும்போது மூன்று குமிழ்களின் நடத்தையும் மாறிவிடும் என்பதால், ஒரு பக்கத்தில் அமைத்த குமிழ் நிலைகள் மறுபக்கத்துக்குப் பொருந்தாது. சுவிச்சுகளுக்குப் பின்னரே குமிழ்கள் என்று முன்னர் சொன்னதன் காரணம் இங்கே மிகத் தெளிவாகக் கேட்கும்.

ரோ, பூஸ்ற்

தொனிச்சுற்று, சைகையின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டே மிச்சத்தை அனுப்புகிறது. ரோ என்றோ பூஸ்ற் என்றோ பெயரிட்ட சுவிச், அச்சுற்றை அதன் நிலத்தொடுப்பிலிருந்து (ஏர்த்) கழற்றிவிடுகிறது அல்லது முழுவதும் தாண்டிச் செல்கிறது. சத்தம் சட்டென்று எகிறும், நடுமீடிறன்கள் பொங்கும், அடுத்த வால்வு உடையத் தொடங்கும். அத்தோடு பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் செயலற்றுப்போகும், அல்லது பெயருக்குச் செயல்படும். இது பழுதல்ல. இந்த நிலையில் தொனியை மாற்ற உங்களிடம் மிஞ்சுவது கிற்றாரில் உள்ள இரு குமிழ்கள்தான். அவற்றைப் பயன்படுத்திப் பழகுங்கள். மண்டபத்தில் முதன்முறை இதை ஏற்றும்போது வொலியூமைப் பாதியாக இறக்கிவிட்டு ஏற்றுங்கள்.

பின்பக்கச் சுவிச்சுகள்

பிரசென்ஸ் சுவிச்சும் (மிக உயர்ந்த மீடிறன்களைக் கூட்டுவது) எதிர்ப்பின்னூட்டலை (வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பியனுப்பி ஒலியைக் கட்டுப்படுத்துவது) கழற்றும் சுவிச்சும் இறுதி வால்வுகளின் பகுதியைச் சேர்ந்தவை. பின்னூட்டலைக் கழற்றினால் ஒலி கட்டவிழ்ந்து, விரலுக்கு உடனே பதில் சொல்லும், அடிச்சுரம் தளரும்.

ட்ரையோட், பென்ரோட் என்று எழுதிய சுவிச் இறுதி வால்வுகள் இயங்கும் விதத்தை மாற்றுவது. ட்ரையோட் பக்கம் வலுவை ஏறத்தாழப் பாதியாக்கும். 50 வாற் பெட்டி 25 வாற் ஆனால் சத்தமும் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்: வலு பாதியாவது 3 டெசிபெல் குறைவு மட்டுமே, காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற வலு பத்தில் ஒரு பங்காக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது ஆறுதல் தராது. ட்ரையோட் நிலை உயர்ந்த மீடிறன்களையும் சற்று மழுக்குவதால், அதையும் ஒரு தொனிச் சுவிச்சாகவே கருதலாம். தகர மண்டபத்தில் எனக்கு அது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மண்டபத்தில் செய்ய வேண்டிய ஒழுங்கு

பெட்டியை வைத்து, சூடேற விட்டு, எல்லாவற்றையும் அடிநிலைக்குக் கொண்டுவாருங்கள். குழு முழுவதும் ஒரு பாட்டை வாசிக்கட்டும். அதற்குள் உங்கள் வொலியூமை நிலைநிறுத்துங்கள். அடுத்த பாட்டில் டீப், ஃபற் சுவிச்சை மட்டும் மாற்றிக் கேளுங்கள். அடி சரியாகாமல் மேற்பகுதியைத் தீர்மானிக்க முடியாது. பின்னர் மிட் அல்லது ஜாஸ், ரொக். கடைசிச் சுவிச்சாகப் பிரைற். அதைத் தீர்மானிக்க முன்வரிசைக்குப் போய் நின்று கேளுங்கள். ஒரே நேரத்தில் இரு சுவிச்சுகளை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். இவ்வளவுக்கும் பிறகு குமிழ்கள். பெரும்பாலும் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையே சிறு நகர்வுகளே போதும். ஏதாவது ஒரு குமிழ் முழுவதும் ஏறியோ இறங்கியோ நின்றால், தவறான சுவிச்சைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். அமைப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து, எந்த மண்டபம், எத்தனை பேர், எந்தக் கிற்றார் என்று பெயரிட்டு வையுங்கள்.

பகலில் ஒத்திகை பார்த்த தொனி இரவில் சற்று மென்மையாகவும் தளர்வாகவும் இருந்தால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம். பின்னேரத்துக்குப் பின் ஊர் முழுவதும் மின்குமிழ்கள் எரிய, வயர்க்கோடியில் உள்ள இடங்களில் மின்னழுத்தம் இறங்குவது நமக்குப் புதிதல்ல. 230 வோல்ற் 210 ஆக இறங்கினால், 6.3 வோல்றில் எரிய வேண்டிய வால்வு இழைக்கு ஏறத்தாழ 5.75 வோல்றே கிடைக்கும். உள்ளிருக்கும் உயர் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். பிரைற்றை ஏற்றி அதைச் சரிக்கட்டலாம். ஆனால் ஜெனரேற்றருக்கு மாற்றியதும் இறக்க மறக்கக்கூடாது. வோல்ற் அளவைக் காட்டும் நிலைப்படுத்தி ஒன்று மேடையில் இருப்பது நல்லது.

சுவிச்சை மாற்றும்போது 'டப்' என்ற ஒலி சற்று வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வாசிப்பு நடக்கும்போது மாற்றாமல், வொலியூமை இறக்கி மாற்றுங்கள். முன்னர் வராத பெட்டியில் புதிதாகப் பெரிய வெடிப்பாக வந்தால் கொள்ளளவி ஒன்று கசிகிறது என்று பொருளாகலாம், திருத்துநரிடம் காட்டுங்கள். பிரைற்றோ ரோவோ ஏற்றியதும் இரைச்சல் கூடுவது இயல்பு. ரியூப்லைற்றுக்கு அருகே ஒற்றைச்சுருள் பிக்கப் எழுப்பும் இரைச்சலுக்குச் சுவிச்சில் மருந்து இல்லை. உடலைச் சற்றுத் திருப்பி நின்று பாருங்கள்.

மாரிக்காலத்தில் நீண்ட நாள் தொடாமல் கிடந்த பெட்டியின் சுவிச்சுகள் கரகரக்கும், சிலவேளை ஒலி விட்டுவிட்டு வரும். ஈரக்காற்றில் தொடுமுனைகள் மங்கிப்போவதே காரணம். செருகியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சுவிச்சையும் இருபது முறை மேலும் கீழும் தட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வாசித்து முடிந்ததும் வால்வுகள் ஆறும்வரை பெட்டியை வண்டியில் ஏற்றாதீர்கள். பட்டாவிலோ ஓட்டோவிலோ கொண்டுபோகும்போது முன்தட்டில் மடித்த துவாய் ஒன்றைக் கட்டுங்கள். கிறவல் ஒழுங்கைகளில் ஆடி இடிபட்டு முதலில் வளைபவை நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சுவிச்சுகளே. துவாய் உரசியும் அவை நிலை மாறியிருக்கும், ஆகவே போய் இறங்கியதும், செருகுவதற்கு முன், எது மேலே எது கீழே என்று கைப்பேசிப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.